மொய்க்கு நோட்டு உண்டு, மின்சாரத்துக்கு உண்டா?

நமது ஜனங்களுக்குக் கணக்கு எழுதும் பழக்கமே கிடையாது என்று யாராவது சொன்னால் நாம் அதை ஒருக்காலும் ஒப்புக்கொள்ள மாட்டோம். பால்காரர் எந்தத் தேதியில் வரவில்லை என்பது நாட்காட்டித் தாளில் சுழித்து வைக்கப்பட்டிருக்கிறது. மளிகைக் கடைக்கு நோட்டு இருக்கிறது. சீட்டுக் கட்டியதற்கு அட்டை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 20 வருஷத்திற்கு முன் நம் வீட்டுக் காதுகுத்துக்கு எந்த ஊர் மாமன் 101 ரூபாய் எழுதினார், எந்தப் பங்காளி வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார் என்கின்ற விபரம் வரையில் மொய் நோட்டில் மை மங்காமல் இருக்கிறது. குழந்தை பிறந்த நாழிகை வினாடி சகிதம் எழுதிய ஜாதகமோ மஞ்சள் தடவித் தகரப்பெட்டியின் அடியில் பத்திரமாகப் பள்ளிகொண்டிருக்கிறது. ஆனால், இரண்டு மாதத்திற்கொரு தடவை தவறாமல் வீட்டிலிருந்து பணத்தை வாங்கிக்கொண்டு போகின்ற மின்சாரத்தின் கணக்கு அட்டை எங்கே என்று கேட்டால் மாத்திரம், மீட்டர் பெட்டியின் இடுக்கில் மழையில் நனைந்து கிடக்கின்றது என்றோ, அல்லது எங்கேயோ வைத்தேன், காணவில்லை என்றோ பதில் வருகிறது. தண்ணீரைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை.

ஆகவே, குறைவு கணக்கு எழுதத் தெரியாததில் இல்லை. எதை எழுத வேண்டும் என்று யோசிக்காததில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் கரண்டு பில் எவ்வளவு என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். 1,200 என்பார், 1,800 என்பார். எத்தனை யூனிட் என்று கேட்டால் விழிப்பார். எத்தனை நாளைக்கு எத்தனை யூனிட் என்று கேட்டாலோ நம்மைப் பைத்தியக்காரன் என்றே நினைப்பார். ரூபாய் என்பது சர்க்கார் வைத்த விகிதத்தைப் பொறுத்தது. அது ஏறும், இறங்கும், சலுகை வரும், போகும். யூனிட் ஒன்றுதான் நாம் செலவழித்தது. 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இவ்வளவுதான் இதிலுள்ள பரம ரகசியம். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். நான்கு வகுப்புப் படித்த பிள்ளை பெருக்கிச் சொல்லிவிடும்.

இந்தக் கணக்கு இல்லாததினால் வீட்டில் என்ன நடக்கிறதென்றால், பில் கூடுதலாக வந்த அன்று ஒரு விசாரணை நடக்கிறது. விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். “ஓயாமல் மிக்ஸியை ஓட்டுகிறாய், கிரைண்டரைப் போட்டுவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருக்கிறாய்” என்று எஜமானர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சாட்சியம் ஏதாவது உண்டா? இல்லை. நாம் சாட்சியத்தைப் பார்ப்போம். 500 வாட் மிக்ஸி தினம் 10 நிமிஷம் ஓடினால் 60 நாளைக்கு 5 யூனிட் ஆகிறது. தீர்ப்புச் சொன்ன எஜமானரின் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறதே, பழைய மாதிரி 75 வாட் மின்விசிறி, அது தினம் 16 மணி நேரம் ஓடினால் 60 நாளைக்கு 72 யூனிட்! குளிக்க வென்னீர் போடும் 2000 வாட் கீசர் தினம் அரை மணி ஓடினால் 60 யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று தினம் 6 மணி எரிந்தால் ஏறக்குறைய 22 யூனிட். அதே இடத்தில் 9 வாட் எல்.இ.டி. எரிந்தால் மூன்றேகால் யூனிட்டுக்கும் குறைவு. இப்பொழுது குற்றவாளி யார் என்று வாசகர்களே சொல்லட்டும். மிக்ஸியை நிறுத்திவிட்டு அம்மியில் அரை என்று உத்தரவு போட்டால் மிச்சமாவது 5 யூனிட். நஷ்டமாவது ஒரு பெண்ணின் தோளும் இடுப்பும். 30 வாட்டில் ஓடுகிற புது மாதிரி விசிறி ஒன்றை மாட்டினால் அதே 16 மணி நேரத்திற்கு 29 யூனிட்தான் ஆகும், மிச்சம் 43 யூனிட். எங்கே கை வைக்க வேண்டும் என்பதைக் கோபம் சொல்லாது, கணக்குத்தான் சொல்லும்.

இனி, சிலர் வீட்டார் மேல் பழி போடாமல் மீட்டர் மேலேயே பழி போடுவார்கள். “மீட்டருக்குச் சூடு வைத்துவிட்டார்கள், தானாக ஓடுகிறது” என்பார்கள். மீட்டரில் கோளாறே வராது என்று நாம் சொல்ல வரவில்லை. அது மனிதன் செய்த யந்திரம், கெட்டுப்போகக் கூடியதுதான். ஆனால் கெட்டுப்போயிருக்கிறதா என்று சோதித்தீர்களா என்பதுதான் நமது கேள்வி. இப்பொழுதுள்ள மின்னணு மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்குச் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிமிட்ட வேண்டும் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் 1000 வாட் ஹீட்டர் கம்பியை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு சுவிட்சைப் போடுங்கள். வாளியில் கையை மட்டும் வைக்க வேண்டாம். 3 நிமிஷத்தில் விளக்கு 160 தடவை சிமிட்ட வேண்டும். வோல்ட்டேஜ் ஏற்றத்தாழ்வினால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். 140, 170 என்று வந்தால் மீட்டர் பேரில் தப்பில்லை. 300 சிமிட்டினால் உடனே மின்வாரியத்துக்கு மனு எழுதி மீட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டிக்கொண்டேயிருந்தால் ஏதோ ஒன்று அணைபடாமல் இருக்கிறது, அல்லது ஒயரில் கசிவு இருக்கிறது, அல்லது பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் தயவில் வாழ்கிறார் என்று அர்த்தம். இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு கடிகாரமும் எண்ணத் தெரிந்த ஒரு ஆளுமே.

இதற்கு நேர்மாறாக, பிளக்கில் சொருகி வைத்தால் பில்லைப் பாதியாகக் குறைத்துவிடும் என்று ஒரு பெட்டியைச் சந்தையில் விற்கிறார்கள். கதவில் கட்டும் தாயத்துக்கும் இதற்கும் நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஒரு வேளை தாயத்தின் விலை குறைவாயிருக்கலாம். உள்ளே இருப்பது ஒரு சாதாரண மின்தேக்கி. வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது உண்மையாகச் செலவாகும் யூனிட்டை. அந்தப் பெட்டி அதை ஒரு துளியும் குறைக்காது. நமது வார்த்தையை நம்ப வேண்டாம். 15 நாள் அதைச் சொருகியும் 15 நாள் கழற்றியும் வைத்து, தினம் ஒரே நேரத்தில் ரீடிங்கை எழுதிப் பாருங்கள். வாங்கினவர்களில் இப்படி எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர் என்று விசாரித்தால், அநேகமாக ஒருவரும் அகப்பட மாட்டார்.

நிற்க, மிகவும் முக்கியமான ஒரு விஷயத்துக்கு வருவோம். அது நாட்கணக்கு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கொரு தடவை ரீடிங் எடுத்துப் பில் போட்டு வந்திருக்கிறார்கள். 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவாயிற்று. 2022 செப்டம்பர் 10 முதல் வந்த விகிதப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் செலவழித்தவருக்கு 101 முதல் 200 வரை 2 ரூபாய் 25 காசும், 400 வரை 4 ரூபாய் 50 காசும், 500 வரை 6 ரூபாயும் ஆகும். 500 ஐத் தாண்டிவிட்டாலோ 101 இலிருந்தே 4 ரூபாய் 50 காசு போட்டு, 500 க்கு மேல் 8 ரூபாயில் ஆரம்பிக்கும். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! உலகத்தில் எந்தக் கடையிலாவது இப்படி ஒரு விலை உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. (2024 இல் விகிதம் இன்னும் சற்று ஏறியது. விகிதம் மாறும்போதெல்லாம் புதுத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள்; கணக்குப் போடும் வழி ஒன்றுதான்.)

இப்பொழுது ஒரு குடும்பம் தினம் சராசரி 8 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுவோம். ரீடிங் எடுப்பவர் சரியாக 60 ஆம் நாள் வந்தால் 480 யூனிட், 2022 விகிதத்தில் 1,605 ரூபாய். அவர் 6 நாள் தாமதித்து 66 ஆம் நாள் வந்தால் 528 யூனிட், 2,174 ரூபாய். அடுத்த தடவை 54 நாளில் வருகிறார் என்றால் 432 யூனிட், 1,317 ரூபாய். இரண்டு தடவையும் ஒழுங்காக வந்திருந்தால் மொத்தம் 3,210 ரூபாய் ஆகியிருக்கும். முன்பின்னாக வந்ததினால் ஆனது 3,491 ரூபாய். வீட்டில் ஒரு விளக்குக்கூட அதிகமாக எரியவில்லை. 281 ரூபாய் போய்விட்டது. போனது தெரியுமா? அட்டையில் தேதி பார்ப்பவருக்குத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. தேதி பார்க்காதவர், பில் ஏறிவிட்டதே என்று மறுபடியும் மிக்ஸி விசாரணையை ஆரம்பிப்பார். ஆகவே, பில் வந்தவுடன் யூனிட்டை நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று எழுதுவதே முதல் வேலை. 60 ஆம் நாள் ஆள் வராவிட்டால் அன்றைய ரீடிங்கை நீங்களே தேதியோடு செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

2020 இல் ஊரடங்கு வந்தபோது என்ன நடந்தது என்பது அநேகருக்கு ஞாபகமிருக்கும். ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை. முந்தின பில் தொகையையே கட்டும்படி சொன்னார்கள். பிறகு ஆள் வந்து நான்கு மாதத்துக்கும் சேர்த்து ரீடிங் எடுத்து, யூனிட்டை இரண்டாகப் பங்கிட்டு, முன்பு கட்டிய தொகையைக் கழித்துப் பில் போட்டார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்த கோடைகாலம் வேறு. ஊரெங்கும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் நியாயம் எவ்வளவு, வெறும் கோபம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாரால் முடிந்தது? மாதா மாதம் ரீடிங்கைத் தாமே எழுதி வைத்திருந்த சிலரால்தான் முடிந்தது. மற்றவர்களுடைய கட்சி வெறும் வாய்க்கட்சியாகவே போயிற்று.

கோடையைப் பற்றிச் சொன்னோம். இதிலும் ஒரு ஏமாற்றம் உண்டு. மார்கழியில் போர்த்துக்கொண்டு தூங்கிய கணக்கைச் சித்திரைக் கணக்கோடு ஒப்பிட்டுவிட்டு, ஐயோ ஏறிவிட்டதே என்பதில் அர்த்தமில்லை. இந்த வருஷத்து மே மாதத்தைப் போன வருஷத்து மே மாதத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வேண்டுமானால் போன வருஷத்துக் கணக்கு கையில் இருக்க வேண்டும். பழைய அட்டை தொலைந்தவர்களுக்கும் வழியுண்டு. இணைப்பு எண்ணைக் கொடுத்தால் மின்வாரியத்தின் இணையதளத்தில் பழைய பில்கள் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கொண்டு ஒரே மாலையில் எடுத்து எழுதிவிடலாம். இரண்டு மூன்று வருஷத்து எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால், எந்த மாதத்தில் பிரிட்ஜ் பழுதானது, எப்பொழுது தங்கை பிரசவத்துக்கு வந்திருந்தாள் என்பதெல்லாம் கூட அதில் தெரியும். கிரகங்களின் சஞ்சாரத்தைக் கேட்டு வீட்டு நிலைமையைத் தெரிந்துகொள்ளப் பணம் கொடுப்பவர்கள் இதையும் ஒரு தடவை பார்க்கலாம். இதற்குத் தட்சணை கிடையாது.

தண்ணீருக்கு வருவோம். மின்சாரத்துக்காவது மீட்டர் என்று ஒன்று சுவரில் இருக்கிறது. தண்ணீருக்கு அதுவுமில்லை. சென்னையிலேயே பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீட்டர் கிடையாது. மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. அளக்காத பொருள் தீர்ந்து போகும்வரை தீராத பொருள் போலவே தோன்றும். 2015 டிசம்பரில் அந்தப் பட்டணம் வெள்ளத்தில் மிதந்தது. 2019 ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் அநேகமாக வறண்டு போய், ஜூலை 12 ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. நான்கு வருஷத்துக்குள் இரண்டையும் பார்த்தாயிற்று. இருந்தும், தன் வீட்டில் தினம் எத்தனை லிட்டர் செலவாகிறது என்று சொல்லக் கூடியவர் ஒரு தெருவுக்கு எத்தனை பேர்?

மீட்டர் இல்லாவிட்டால் அளக்க முடியாதென்பது சோம்பேறிகளின் வாதம். மாடித் தொட்டி 1000 லிட்டர் என்றால் அது எத்தனை நாளைக்கொரு தடவை நிரப்பப்படுகிறது என்று எழுதினாலே வீட்டுச் செலவு தெரிந்துவிடும். மோட்டார் ஓடிய நிமிஷத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இதில்தான் தண்ணீரும் மின்சாரமும் ஒரே கணக்காகச் சேருகின்றன. போன வருஷம் 20 நிமிஷத்தில் நிரம்பிய தொட்டி இந்த வருஷம் 40 நிமிஷம் எடுக்கிறதென்றால், நிலத்தடி நீர் கீழே போயிருக்கிறது, அல்லது புட்வால்வு ஒழுகுகிறது, அல்லது மோட்டார் தேய்ந்துவிட்டது. மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் மோட்டார் தினம் 20 நிமிஷம் ஓடிய இடத்தில் 40 நிமிஷம் ஓடினால் 60 நாளைக்கு 20 யூனிட் அதிகம். கிணறு வற்றப்போகிறது என்ற சமாச்சாரம், வற்றுவதற்கு ஆறு மாதம் முன்னதாகவே உங்கள் கரண்டு பில்லில் எழுதப்பட்டுவிடுகிறது. படிப்பார்தான் இல்லை.

ஒழுகுகிற குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. விநாடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21 லிட்டருக்கு மேல் போகிறது. குடிநீர்க் கேன் ஒன்று 20 லிட்டர். தினம் ஒரு கேனைச் சாக்கடையில் கவிழ்ப்பதும் இதுவும் ஒன்றே. இரவு படுக்கும்போது தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் பார்த்தால் கசிவு இருக்கிறதா இல்லையா என்பது பிரத்தியட்சமாகத் தெரிந்துவிடும்.

கிராமத்துத் தோழர்களுக்குத் திறந்த கிணறு இருக்கிறது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதத்தின் முதல் தேதியில் இறக்கி, எத்தனை முடிச்சில் தண்ணீர் தொட்டது என்று எழுதினால் போதும். மழைநீர்ச் சேகரிப்பை 2003 இல் தமிழ்நாட்டில் சட்டமாக்கினார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பதித்த குழாய் பல வீடுகளில் குப்பை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது வேலை செய்கிறதா என்பதற்கு இந்த முடிச்சுக் கணக்கைவிடச் சிறந்த சாட்சி இல்லை. ஆனால் நம்மவர்கள் செய்வதென்ன? தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடக்கும் ஆசாமியை அழைத்துவந்து, அது நிமிர்ந்து நின்ற இடத்தில் லட்சக் கணக்கில் கொட்டிப் போர் போடுகிறார்கள். தண்ணீர் வந்தால் அவருடைய கைராசி. வராவிட்டால் நம்முடைய தலைவிதி. அவர் இதுவரை காட்டிய இடங்கள் எத்தனை, அவற்றில் வற்றியவை எத்தனை என்று ஒரு நோட்டுப் போட்டால், அந்தத் தேங்காய் சட்னிக்குத்தான் உபயோகம் என்று தெரிந்துபோகும். ஞாபகம் என்பது பலித்ததை மாத்திரம் வைத்துக்கொண்டு பலிக்காததை உதறிவிடும். நோட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

இதில் எந்த நோட்டிலும் ஏறாத ஒரு கணக்கும் இருக்கிறது. 2019 இல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்தார்கள். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 18 குடத்துக்கு மேல். தெருக்குழாய் வீட்டிலிருந்து 100 மீட்டர் தூரமென்றால், ஒவ்வொரு குடமாகப் போய் வருவதற்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடை. அதில் பாதி தூரம் 15 கிலோ பாரம் இடுப்பில். இது ஒரு நாளைக்கு. சுமப்பவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் இலவசம் என்று ஆண்கள் சொல்லுகின்ற வீடுகளில் அந்தப் பில்லைக் கட்டிக்கொண்டிருப்பது ஒரு பெண்ணின் முதுகெலும்பு. ஆகவே வீட்டுத் தண்ணீர் நோட்டில் எத்தனை குடம், எவ்வளவு நேரம், யார் தூக்கியது என்று மூன்று கட்டம் போடுங்கள். ஒரு மாதம் எழுதியான பிறகு அந்த மூன்றாவது கட்டத்தை வீட்டிலுள்ள ஆண்கள் சத்தம் போட்டுப் படிக்கட்டும். வீட்டுக் குழாய் இணைப்புக்குப் பஞ்சாயத்தில் மனுக் கொடுக்கும்போதும் அதே நோட்டின் நகலைச் சேர்த்துக் கொடுத்தால், வெறும் புலம்பலுக்குக் கிடைக்காத மரியாதை அதற்குக் கிடைக்கும்.

இதெல்லாம் கஞ்சத்தனம் என்று சிலர் சொல்லக்கூடும். இருட்டில் உட்காரச் சொல்லி நாம் எழுதவில்லை. முதல் 100 யூனிட்டுக்குக் காசில்லை என்று உத்தரவான பிறகும், பில்லுக்குப் பயந்து கோடையில் விசிறி போடாமல் வேர்த்துக்கொண்டு 60 யூனிட்டோடு நின்றுவிடுகிற ஏழைக் கிழவிகள் இல்லையா? கணக்குத் தெரிந்தால் அந்தப் பாட்டி தைரியமாய் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணிடம் விளக்கை அணை என்று அதட்டுகிற தகப்பனாரும், அந்த 9 வாட் விளக்கு இரண்டு மாதத்துக்கு என்ன செலவாகிறதென்று பார்த்துவிட்டுப் பிறகு அதட்டட்டும்.

கடைசியாக, பட்டணங்களில் வாடகைக்கிருக்கும் தோழர்கள் சங்கதி. ஒரு வீட்டில் மூன்று குடித்தனம், மூன்றுக்கும் ஒரே இணைப்பு, ஆளுக்கொரு சப்மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வீட்டுக்காரர் வாங்குகிறார். மூன்று குடித்தனமும் தலைக்கு 180 யூனிட் செலவழித்ததாக வைத்துக்கொண்டு 2022 விகிதத்திலேயே போட்டுப் பார்ப்போம். தனித்தனி இணைப்பு இருந்திருந்தால், 100 யூனிட் இலவசம் போக மீதி 80 க்கு ஆளுக்கு 180 ரூபாய், மூன்று பேருக்கும் 540 ரூபாய். ஒரே இணைப்பானதால் 540 யூனிட்டாகி, மின்வாரியத்துக்குப் போவது 2,270 ரூபாய். வீட்டுக்காரர் 8 ரூபாய் வீதம் வசூலிப்பதோ 4,320 ரூபாய். 180 ரூபாய் கொடுக்க வேண்டியவர் 1,440 ரூபாய் கொடுக்கிறார்! பொது மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகிறதே என்று வீட்டுக்காரர் சொல்லலாம். அது நியாயமான பேச்சுத்தான். அதற்கும் ஒரு சப்மீட்டர் வைத்து, வருகிற யூனிட்டை வீட்டுக்காரர் உள்பட எல்லோருமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம். அந்தப் பங்கு 2,050 ரூபாய் ஆகுமா என்பது எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்தக் கொள்ளை இவ்வளவு நாள் நடப்பதற்குக் காரணம் வீட்டுக்காரரின் சாமர்த்தியம் ஒன்று மாத்திரம் அல்ல. பிரதான மீட்டரின் அட்டையை வாடகைக்காரர் ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை; பார்க்க வேண்டுமென்று கேட்டதுமில்லை. ஆகவே மூன்று குடித்தனக்காரர்களும் ஒரே நோட்டுப் போட்டு, ரீடிங் எடுக்கும் நாளில் பிரதான மீட்டரையும் மூன்று சப்மீட்டரையும் வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே பார்த்து எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு மாதத்துக் கணக்குச் சேர்ந்தவுடன், தனி இணைப்புக்கு ஒப்புதல் கொடுங்கள், இல்லாவிட்டால் மின்வாரியம் வாங்குகிற தொகையை மாத்திரம் பங்கிட்டு வாங்குங்கள் என்று கேட்க வேண்டும். ஒருவர் தனியே போய்க் கேட்டால், “இஷ்டமில்லாவிட்டால் காலி செய்” என்று பதில் வரும். மூன்று பேரும் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்றாகப் போங்கள்.